புல்டாக் குட்டியின் தலை எப்போது நிரம்பும்? – வாசகர் கேள்வி பதில்

குட்டை மூக்கு நாய்களைப் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு புல்டாக் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: தலை எப்போது பெரிதாகும், தாடை ஏன் இப்படி முன்னால் வருகிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் உங்களுக்கே. கீழே புல்டாக் என்று சொல்வதெல்லாம் இங்கிலீஷ் புல்டாக்கைத்தான். பிரெஞ்சு புல்டாக்குக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அமெரிக்கன் புல்டாக்கின் முகம் இவ்வளவு குட்டையாக இருக்காது, அதற்கு இந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர், எங்கள் புல்டாக் ஆண் குட்டிக்கு இப்போது ஐந்து மாதம். எட்டு வாரத்தில் வாங்கும்போது உருண்டைத் தலை, தொங்கும் கன்னம், முகமெல்லாம் மடிப்பு என்று அவ்வளவு அழகாக இருந்தான். இப்போது கால் நீண்டு, உடம்பு நீண்டு, தலை மட்டும் சின்னதாகத் தெரிகிறது. நெற்றி மடிப்பும் குறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் "இது ஒரிஜினல் புல்டாக்தானா" என்று கேட்கிறார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் ஏமாற்று வேலைக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஐந்து மாத புல்டாக் ஆண் குட்டி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இந்த இனத்தில் உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எட்டு வாரக் குட்டியின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, அதனால் பெரியவனின் சின்னப் பிரதி மாதிரி இருப்பான். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் கால் எலும்புகள் வேகமெடுக்கும், முதுகு நீளும், தலை பின்தங்கிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் தலையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, உடம்பு அதை முந்திப் போகிறது, அவ்வளவுதான். மடிப்பு குறைந்ததற்கும் இதுதான் காரணம். தோல் தாராளமாக இருந்தது, உள்ளே எலும்பு நீண்டதும் அது இழுபட்டுக் கொஞ்சம் சமமாகிவிட்டது.

இந்தக் கோணல்மாணலான பருவம் எட்டு, பத்து மாதம் வரைகூட நீளலாம். உயரம் அநேகமாக ஒரு வயதுக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் பலரும் எதிர்பார்க்காத மாற்றம் ஆரம்பிக்கும். தலை பக்கவாட்டில் அகலும், கன்னத்து மென்று தின்னும் தசைகள் தடிக்கும், நெற்றிப் பொட்டின் மேலிருக்கும் தசைகள் எழும்பி நடுவே பள்ளம் ஆழமாகத் தெரியும், கழுத்தும் மார்பும் நிறையும், மேலுதடு கனத்துத் தொங்கும். இதெல்லாம் இரண்டு, இரண்டரை வயது வரை மெல்ல மெல்ல நடக்கும், சில ஆண் நாய்களுக்கு மூன்று வயதுகூட ஆகும். பெண் நாய்கள் கொஞ்சம் முன்னதாகவே முடித்துக்கொள்ளும், ஆனால் ஆணின் தலை அளவு வராது. அது இயல்பு.

நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்க கென்னல் கிளப்பின் இனத்தரத்தில், அதாவது ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற எழுத்து வரையறையில், ஓர் அளவு உண்டு: காதுக்கு முன்னால் தலையைச் சுற்றி அளந்தால், குறைந்தது அந்த நாயின் தோள் உயரம் அளவாவது இருக்க வேண்டும். சிலர் இதைப் படித்துவிட்டு ஐந்து மாதக் குட்டியை டேப் வைத்து அளந்து மனம் ஒடிந்துபோகிறார்கள். அது முழுதாக வளர்ந்த நாய்க்கான அளவு. உங்களுக்கு நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், குட்டியின் தாய் தகப்பனின் படங்களை, அதுவும் அவை இதே வயதில் இருந்தபோது எடுத்ததை, வளர்த்தவரிடம் கேட்டு வாங்குங்கள். அப்பன் ஐந்து மாதத்தில் ஒல்லித் தலையோடு நின்றிருந்தால் மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம். மாதம் ஒரு முறை அதே கோணத்தில், குட்டியின் கண் மட்டத்துக்கு இறங்கி ஒரு படம் எடுத்து வையுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் எந்தத் தலையும் சின்னதாகத்தான் தெரியும்.

கேள்வி: எட்டு வாரத்தில் எங்கள் குட்டியின் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஏறக்குறைய நேராக இருந்தன. இப்போது ஏழு மாதம். கீழ்த்தாடை நன்றாக முன்னால் தள்ளிவிட்டது. வேறு இன நாய் வளர்க்கும் நண்பர் இது பெரிய குறை என்கிறார். கம்பி கட்டிச் சரிசெய்ய முடியுமா?

பதில்: நண்பர் அவருடைய நாயை வைத்துச் சொல்கிறார், அவருடைய நாய்க்கு அது சரி. புல்டாக்குக்குக் கீழ்த்தாடை முன்னால் வருவதுதான் இயல்பான அமைப்பு. இனத்தரமே கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் வந்து, நுனியில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது.

ஏன் வயதோடு கூடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மண்டை ஓட்டின் அடிப்பகுதியில், எலும்புகளுக்கு நடுவே வளர்ச்சிக் குருத்தெலும்புகள் இருக்கின்றன. முகம் முன்னோக்கி நீள்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. குட்டை மூக்கு இனங்களில் அவை மற்ற நாய்களைவிட முன்னதாகவே எலும்பாக மாறி மூடிக்கொள்கின்றன. மேல்தாடையும் மூக்கும் அந்த அடித்தளத்தோடு ஒட்டியவை, அதனால் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. கீழ்த்தாடை தனி எலும்பு, காதுக்குக் கீழே மூட்டில் தொங்குகிறது, அதன் வளர்ச்சி அதன் போக்கில் நடக்கிறது. மேலே நின்றுவிட்டது, கீழே போய்க்கொண்டே இருக்கிறது. இடைவெளி கூடத்தானே செய்யும்? இந்த முகக் குட்டைக்குப் பின்னால் மரபணுக்கள் இருக்கின்றன. எஸ்எம்ஓசி2 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் நாய்களின் முக நீளத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது நீங்கள் கொடுத்த சாப்பாடோ விளையாட்டோ தாடையைத் தள்ளிவிடவில்லை.

எட்டு வாரத்தில் நேராகக் கடிக்கும் குட்டிக்கு ஆறேழு மாதத்தில் கீழ்த்தாடை முன்னே வருவது சகஜம். எட்டு வாரத்திலேயே நிறைய முன்னால் வந்திருந்தால்தான், வளர்ந்த பிறகு அளவுக்கு மீறிப் போகுமோ என்று யோசிக்க வேண்டும். கடைசிப் பல் முளைத்து ஒரு வயது நெருங்கும்வரை தாடை எங்கே நிற்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கம்பி கட்டுவதைப் பற்றி. பல் பல்லைக் குத்தினாலோ, ஈறையோ அண்ணத்தையோ குத்திப் புண்ணாக்கினாலோதான் சிகிச்சை. அழகுக்காக வேண்டாம். நீங்களே பார்க்கலாம்: குட்டி தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்காமல், உதட்டை மட்டும் பக்கவாட்டில் மெல்லத் தூக்குங்கள். மேல் வெட்டுப்பற்களின் நுனி, கீழ் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஈறு சிவந்தோ, குழிந்தோ, வரிசையாகப் பல் தடம் பதிந்தோ இருந்தால் பல் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கீழ்க் கோரைப்பல் மேல் ஓர வெட்டுப்பல்லோடு உரசி இரண்டும் தேய்வதும் இந்த அமைப்பில் நடக்கும், அதையும் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, தடமில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒரு வயதுப் பெண் நாய் வாயை மூடியிருந்தாலும் இடது பக்கம் ஒரு கீழ்ப்பல் வெளியே தெரிகிறது, நாக்கு நுனியும் அந்தப் பக்கமாகவே எட்டிப்பார்க்கிறது. பார்க்க அழகாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள்.

பதில்: முன்னால் உட்கார வைத்து நேர் எதிரிலிருந்து பாருங்கள். மேல் வெட்டுப்பற்களின் நடுக்கோடும் கீழ் வெட்டுப்பற்களின் நடுக்கோடும் ஒரே நேரில் வருகிறதா? கீழ்த்தாடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது கோணல் தாடை. தாடையின் இடது பாதியும் வலது பாதியும் சமமாக வளராதபோது வருவது. கீழ்த்தாடை முன்னால் வருவது இந்த இனத்தின் இயல்பு, ஒரு பக்கம் சாய்வது இயல்பல்ல, இனத்தரத்திலும் அது குறைதான். லேசானதாக இருந்தால் நாய் நன்றாகச் சாப்பிடும், நன்றாக வாழும். தெரியும் பல் உலர்ந்து நிறம் மாறுகிறதா, நாக்கு நுனி உலர்ந்து வெடிக்கிறதா, எதிர்ப்பக்கம் பல் அண்ணத்தைக் குத்துகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு வயது ஆகிவிட்டதால் இனி பெரிதாக மாறாது. இவளைக் குட்டி போட வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: குட்டிக்கு நான்கரை மாதம். பல் விழுவதையே நாங்கள் பார்க்கவில்லை, ஆனால் சில இடத்தில் இரண்டு பல் ஒட்டி ஒட்டி இருக்கிறது. பல் முளைக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? காது வேறு திடீரென்று பறப்பது மாதிரி நிற்கிறது.

பதில்: பால் பல் மொத்தம் 28. மூன்றாவது வாரத்திலிருந்து முளைத்து எட்டு வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். நிரந்தரப் பல் 42, மேலே 20, கீழே 22. மூன்றரை, நான்கு மாதத்தில் முன் வெட்டுப்பற்களில் தொடங்கி, ஐந்தாறு மாதத்தில் கோரைப்பல் மாறி, ஏழு மாதத்துக்குள் கடைசிக் கடைவாய்ப்பல்லும் வந்துவிட வேண்டும். விழுந்த பால் பல்லைக் குட்டி விழுங்கிவிடும், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. ஒன்றும் ஆகாது. பொம்மையில் கொஞ்சம் ரத்தக் கறை தெரிவதும் இயல்பு.

இரண்டு பல் ஒட்டி நிற்பதுதான் விஷயம். புதுப் பல் ஈறைக் கிழித்து வெளியே வந்துவிட்டது, பழைய பால் பல் இன்னும் ஆடாமல் நிற்கிறது என்றால், ஓரிரு வாரத்துக்குமேல் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோரைப்பல்லில் இது இன்னும் முக்கியம். கீழே புதுக் கோரைப்பல் பால் பல்லுக்கு உள்பக்கமாக, நாக்கு ஓரத்தில் முளைக்கும், பழையது வழிவிட்டால்தான் வெளிப்பக்கம் நகரும். வழிவிடாவிட்டால் உள்பக்கமே நின்று பின்னால் தொந்தரவு கொடுக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே உணவு சிக்கி ஈறு கெடுவது வேறு.

மேல்தாடை குட்டையாகிவிட்டதே தவிர, பல்லின் எண்ணிக்கையோ அளவோ அந்த விகிதத்தில் குறையவில்லை. அதே 20 பல் சின்ன இடத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். அதனால் மேல் கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் பக்கவாட்டில் திரும்பி, குறுக்காக நிற்பதைப் பார்ப்பீர்கள். அங்கேதான் முதலில் காரை படியும். இப்போதிலிருந்தே விரலில் துணி சுற்றிப் பல்லைத் துடைத்துப் பழக்குங்கள், பிறகு பிரஷ்.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள முதல் சின்னப் பல், பால் பல்லாக வருவதே இல்லை, நேராக நிரந்தரப் பல்லாகத்தான் வரும். குட்டை மூக்கு நாய்களில் அது ஈறுக்குள்ளேயே புதைந்து நின்றுவிடுவது உண்டு. அப்படிப் புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி, சத்தமில்லாமல் தாடை எலும்பைக் கரைத்துவிடும். ஏழு மாதத்தில் பற்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், "முளைக்கவே இல்லை போல" என்று விட்டுவிடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்து, அது உண்மையிலேயே இல்லையா, உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடிக்கக் கொடுப்பதில் ஒரு சுலபச் சோதனை: நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும். பதியாத அளவு கெட்டியான எலும்பு, மான் கொம்பு, கல் மாதிரியான பிளாஸ்டிக் வேண்டாம், மேல் கடைவாய்ப்பல் பிளந்துவிடும். காது விஷயம்: பல் முளைக்கும் மாதங்களில் காது ஒரு நாள் பறக்கும், ஒரு நாள் மடங்கும், பெரும்பாலும் பல் முளைத்து முடித்ததும் தானாகவே அடங்கிவிடும்.

கேள்வி: தலை நன்றாகப் பெருக்க வேண்டுமென்றால் கால்சியம் மாத்திரை கொடு, எலும்பு கடிக்க விடு, கயிறு இழுக்க விடு என்று என் மாமா சொல்கிறார். அவர் பல வருடமாக நாய் வளர்ப்பவர். செய்யலாமா?

பதில்: மாமாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் மூன்றுமே வேண்டாம்.

கால்சியம்தான் மிக மோசம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஓரளவு தள்ளிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அந்தத் தடுப்பு சரியாக இருக்காது, கொடுத்ததில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிகப்படியான கால்சியம் எலும்பு குருத்தெலும்பிலிருந்து முறையாக உருவாவதைக் கெடுக்கும், மூட்டு கெடும், கால் வளையும். புல்டாக்குக்கு ஏற்கெனவே இடுப்பு மூட்டுப் பிரச்சினை அதிகம். குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவு கொடுக்கிறீர்கள் என்றால் அதிலேயே தேவையான கால்சியம் இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் அளவைக் கால்நடை மருத்துவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும், கையால் அள்ளிப் போடுகிற விஷயமே இல்லை இது.

எலும்பு கடிப்பதால் மண்டை அகலாது. கன்னத்துத் தசை கொஞ்சம் வலுக்கலாம், ஆனால் தலையின் அகலத்தையும் தாடையின் நீளத்தையும் தீர்மானிப்பது பிறப்பு. கயிறு இழுப்பதால் தாடை முன்னே தள்ளும் என்று ஒரு சாரார் பயப்படுகிறார்கள், தலை பெருக்கும் என்று இன்னொரு சாரார் ஆசைப்படுகிறார்கள். இரண்டும் நடக்காது. ஆனால் நான்கிலிருந்து ஏழு மாதம் வரை, பல் ஆடிக்கொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் வலிக்கும், புதுப் பல் இடம் மாறக்கூட வாய்ப்புண்டு. விளையாடுங்கள், நீங்கள் இழுக்காமல் குட்டி இழுக்கட்டும், தலைக்கு மேல் தூக்காதீர்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தலை பெருக்கட்டும் என்று அதிகமாக ஊட்டி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு போய்ச் சேருவது கழுத்திலும் தொண்டையிலும், மூச்சுப் பாதையைச் சுற்றியும். பிரிட்டனின் கென்னல் கிளப் முழு வளர்ச்சியடைந்த ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 23 கிலோ என்று வைத்திருக்கிறது. அதைவிட நிறையக் கூடுதலாக நிற்கும் நாயைக் "கம்பீரம்" என்று பாராட்டுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கேள்வி: புல்டாக் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: இல்லை. எந்த நாய் இனத்தின் தாடையிலும் பூட்டு மாதிரி எதுவும் கிடையாது. வலுவான தசை, விடாப்பிடியான குணம், அவ்வளவே.

கேள்வி: ஆண் குட்டிக்குச் சீக்கிரம் கருத்தடை செய்தால் தலை வளராது என்று சொல்கிறார்கள். எட்டு மாதம் ஆகிறது, என்ன செய்வது?

பதில்: இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆண் நாயின் தடித்த கன்னமும் கழுத்தும் ஓரளவு ஆண் ஹார்மோனின் வேலை. முதிர்ச்சிக்கு முன்னாலேயே கருத்தடை செய்தால் தலை கொஞ்சம் மென்மையாக, பெண் சாயலில் நிற்கலாம். கூடவே, நீண்ட எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவது தள்ளிப்போய்க் கால் கொஞ்சம் நீளும். ஆனால் தலையின் தோற்றத்துக்காக மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள். மூட்டுக்கு நல்லது என்பதால் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு, உங்கள் வீட்டில் பெண் நாய் இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். எப்போது செய்தாலும், குட்டை மூக்கு நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கமுள்ள இடமாகப் பாருங்கள். அதே மயக்கத்தில் தொண்டையையும் பற்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், மூக்குத் துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் அதையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் ஒன்பது மாதக் குட்டி நின்றுகொண்டிருக்கும்போதுகூடக் குறட்டை மாதிரி சத்தம் விடுகிறான். உட்கார்ந்தபடியே தூங்குகிறான், சில சமயம் பொம்மையை வாயில் வைத்துக்கொண்டு. வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருக்கிறது. புல்டாக் என்றால் இப்படித்தானே?

பதில்: இந்த இதழில் வந்த கேள்விகளில் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படும் பதில் இதுதான்.

பொம்மையை வாயில் வைத்துத் தூங்குவது விளையாட்டாக இருக்காது. மூக்கு வழியாகப் போதுமான காற்று வராத நாய், வாய் மூடிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும் என்பதால் வாயைத் திறந்து வைக்க எதையாவது கவ்விக்கொண்டு தூங்கும். உட்கார்ந்தபடியோ, தலையை எதன் மேலாவது உயர்த்தி வைத்தோ தூங்குவதும் அதே காரணத்துக்காகத்தான்.

எலும்பு குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் மென்சதை அந்த அளவு குறையவில்லை. சின்னப் பெட்டிக்குள் பெரிய துணியைத் திணித்த மாதிரி. மூக்குத் துளை கோடு மாதிரி ஒடுங்கியிருக்கும், மென் அண்ணம் நீண்டு தொண்டைக்குள் தொங்கி மூச்சுக் குழலின் வாயை அடைக்கும், நாக்கு தடித்திருக்கும், புல்டாக்கில் மூச்சுக் குழலே குறுகலாக இருப்பதும் உண்டு. குட்டியாக இருக்கும்போது சமாளித்துவிடும். தலையும் கழுத்தும் தடிக்கத் தடிக்க, எடை ஏற ஏற, சத்தம் கூடும். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்குவதால் குரல்வளைப் பக்கத்துத் திசுக்கள் வீங்கி உள்நோக்கிப் பிதுங்கி, அடைப்பு இன்னும் அதிகமாகும். அதாவது வயதோடு தானாகச் சரியாகும் விஷயம் இல்லை, வயதோடு மோசமாகும் விஷயம்.

மூக்குத் துளையை நேர் எதிரிலிருந்து பாருங்கள். வட்டமாகத் திறந்திருக்கிறதா, இல்லை கீறல் மாதிரி இருக்கிறதா? மூச்சை இழுக்கும்போது மூக்கின் ஓரச் சதை உள்ளே உறிஞ்சப்படுகிறதா? சாப்பிட்டதும் நுரை நுரையாகக் கக்குகிறானா? கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறானா, திரும்ப மூச்சு அமைதியாக எவ்வளவு நேரம் ஆகிறது? இதையெல்லாம் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், அறைக்குள் வந்ததும் நாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-ல் ஒரு மூச்சுத் திறன் தரமிடல் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வயது நிரம்பிய நாயை முதலில் அமைதியாக இருக்கும்போது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, மூன்று நிமிடம் துரித நடையில் ஓட்டி, மறுபடி கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவது. தத்துவம் எளிது: சும்மா இருக்கும்போது மறைந்திருக்கும் சத்தம் ஓடினால் வெளியே வந்துவிடும். உங்கள் குட்டிக்கு சும்மா நிற்கும்போதே சத்தம் வருகிறது, எனவே ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள். மூக்குத் துளையை விரிப்பதும் நீண்ட அண்ணத்தைக் குறைப்பதும் செய்யக்கூடிய அறுவைகள்தான், சீக்கிரம் செய்தால் பலன் அதிகம்.

அதுவரை கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள், வெயிலில் நடத்தாதீர்கள். நாய்க்கு உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சிரைப்புதான் முக்கிய வழி, அந்த வழியே அடைபட்ட நாய் வெயிலில் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். நாக்கோ ஈறோ நீலமானால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்று படும்படி வைத்து, உடனே மருத்துவமனைக்கு.

கேள்வி: இன்னும் வாங்கவில்லை. ஒரே ஈத்துக் குட்டிகளில் எதற்குத் தலை பெரிதாகும் என்று எட்டு வாரத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: ஓரளவு ஊகிக்கலாம்: தாய் தகப்பன் தலை, மூக்கின் கீழ் முகவாயின் அகலம், கீழ் வெட்டுப்பற்கள் ஆறும் வளையாமல் நேர் வரிசையில் நிற்பது. உறுதி கிடையாது.

ஆனால் நான் உங்களிடத்தில் இருந்தால் வேறு இடத்திலிருந்து பார்ப்பேன். முதலில் மூக்குத் துளை. அப்புறம் தூங்கும் குட்டியின் மூச்சுச் சத்தம், விளையாடி முடித்த பிறகு மூச்சு எப்படி இருக்கிறது என்பது, வாய்க்குள் அண்ணத்தில் பிளவு இல்லையா என்பது, மூக்கின் மேல் மடிப்பு கண்ணை உரசுகிறதா என்பது. தாயை ஒரு நடை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் தாயின் குட்டி எவ்வளவு பெரிய தலையோடு இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பெரிய தலை மேல் உள்ள ஆசைக்கு விலை கொடுத்தது நாய்கள்தான். காளையோடு மோதவிட்ட காலத்துப் புல்டாக் இவ்வளவு தட்டையான முகத்தோடு இல்லை, பழைய ஓவியங்களில் கால் நீண்ட, மூக்கு நீண்ட நாயைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1835-ல் அந்த விளையாட்டைச் சட்டம் தடைசெய்தது. அதற்குப் பிறகு கண்காட்சிக்காக வளர்த்தவர்கள் தலையைப் பெருக்கி, முகத்தைக் குறைத்து, இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக் ஈத்துகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன் என்று தெரியவந்தது. குட்டியின் தலையும் தோளும் பெரிது, தாயின் இடுப்புக் குழி சிறிது. பெரிய தலையைக் கேட்டு வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த தலைமுறையை இன்னும் அந்தப் பக்கமே தள்ளுகிறோம். கொஞ்சம் மூக்கு நீண்ட, மூக்குத் துளை நன்றாகத் திறந்த குட்டி ஈத்தில் இருந்தால் அதைக் கேளுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி. உச்சந்தலையில் மெத்தென்று ஒரு இடம் தட்டுப்படுகிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே பள்ளம் வேறு. பயமாக இருக்கிறது.

பதில்: கண்ணுக்கு நடுவிலிருந்து நெற்றிக்கு ஏறும் பள்ளம் புல்டாக்கின் அமைப்பு, வயதாக ஆக ஆழமாகும். அதை விடுங்கள். உச்சியில் மெத்தென்று இருப்பது எலும்புகள் இன்னும் இணையாத இடைவெளி. சின்னதாக இருந்து, குட்டி சுறுசுறுப்பாகச் சாப்பிட்டு, சொன்னதைக் கற்றுக்கொண்டு வளர்ந்தால் பெரும்பாலும் பாதகமில்லை, அந்த இடத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தலை குவிந்து பந்து மாதிரி இருப்பது, கண்கள் கீழும் வெளியுமாக விலகிப் பார்ப்பது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, வலிப்பு, கூடப்பிறந்தவற்றைவிட மந்தமாக இருப்பது, இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் மூளையில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இனத்தில் அது வரக்கூடியது. இடைவெளி திறந்திருக்கும்போது அதன் வழியாகவே ஸ்கேன் செய்து பார்க்க முடியும் என்பதால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதக் குட்டி, இரண்டு நாளாக வாயை முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறான். தாடையைத் தொட்டால் கத்துகிறான். கீழ்த்தாடை தடித்த மாதிரி இருக்கிறது. தாடை வளரும்போது இப்படி வலிக்குமா?

பதில்: வலிக்காது. தாடை வளர்வது நாய்க்குத் தெரியவே தெரியாது, பல் முளைக்கும்போது ஈறு அரிக்கும், அவ்வளவுதான். வாய் திறக்க முடியாத வலி என்றால் காரணம் வேறு. குச்சி ஏதாவது குத்தியிருக்கலாம், பல் வேரில் சீழ் கட்டியிருக்கலாம், வளரும் வயதில் தாடை எலும்பு தடித்து வீங்கும் ஒரு நோய் உண்டு, அது டெரியர் வகைகளில்தான் அதிகம் என்றாலும் மற்ற இனங்களிலும் எப்போதாவது வரும், காய்ச்சலோடு வந்து போகும். வாயைப் பலவந்தமாகத் திறந்து பார்க்காதீர்கள், மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். தண்ணீராவது குடிக்கிறானா என்று பாருங்கள், இன்றே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.